இடது காதுக்கு வந்த கதை

மாரிக்கனியின் இடது காது செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. ராஜபாளையம் நூல் மில்லில் மெஷின் இரைச்சலைத் தின்றே செத்த காது. மில்லில் இது யாருக்கும் தெரியாது. உள்ளே போய்விட்டால் அங்கே எல்லோருமே செவிடுதான். கையும் உதடும்தான் பேசும். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் கார்த்திகா நர்சிங் முடிக்கிற வரைக்குமாவது இந்த வேலை வேண்டும்.

ஆனால் சனியன், அந்தக் காதில்தான் தினமும் கதை வந்தது.

ஷிப்டு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினால், கூட வேலை பார்க்கும் ஜெயசித்ரா மலைப் பக்கத்து இடது ஜன்னலோரம் உட்காருவாள். ஜன்னல் இல்லாவிட்டால் அவளுக்குக் குமட்டும். இயர்போனில் ஒன்றைத் தனக்கு மாட்டிக்கொண்டு, மற்றதை மாரிக்கனியின் இடது காதில் அவளே செருகிவிடுவாள். கதை கேட்கிற பைத்தியம் அவளுக்கு. கதை ஆப்பில் முதல் மாதம் இலவசம் என்றதும், தன் நம்பர், புருஷன் நம்பர், மாமியார் நம்பர் என்று ஓட்டிவிட்டு, இப்போது மாரிக்கனி நம்பருக்கு வந்திருந்தாள். வழியில் சிக்னல் அறுந்துபோகும் என்று வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு வருவாள்.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அசந்து தூங்கியவளுக்கு, முழித்திருந்தவள் விட்ட கதையைச் சொல்ல வேண்டும். மாரிக்கனி தினமும் தூங்கினாள். பாதி அலுப்பு, பாதி நடிப்பு. கதையில் பண்ணையார் வீட்டில் அட்டிகை காணாமல் போனது அவளுக்குத் தெரியுமென்றால், அது ஜெயசித்ராவின் வாயால் கேட்டதுதான்.

நேற்று ஜெயசித்ரா தூங்கிவிட்டாள்.

"சொல்லுங்கக்கா, அட்டிகைய யாரு எடுத்தா?" இன்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

நேற்று மாரிக்கனிக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்தது. ஒரு பொய்யை ஜோடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

"சமையக்காரிய விசாரிச்சாவ. அவளுக்கு என்ன தெரியும், பாவம். ஒரு காது கேக்காது. வெளிய சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாவன்னு மூடி மூடி வச்சிருக்கா. எம்புட்டு நாளைக்குத்தான் சும்மா தலையாட்டுவா."

இயர்போனைச் செருக வந்த கை பாதியில் நின்றது.

"எந்தக் காதுக்கா?"

"இடது."

ஜெயசித்ரா இயர்போனை மடியில் போட்டாள். பொறவு பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜன்னலோரம் போங்கக்கா."

"ஏட்டி, ஒனக்குக் குமட்டுமே."

"குமட்டுனா குமட்டிட்டுப் போகுது. சமையக்காரி சங்கதி நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

மாரிக்கனியின் வலது காதில் இயர்போனைச் செருகி, கதையை முதலிலிருந்து ஓடவிட்டாள். பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

காதுக்குள் ஒரு பெண் படிக்கத் தொடங்கினாள். இத்தனை நாளும் யாரோ ஆம்பளை படிப்பதாகவே மாரிக்கனி நினைத்திருந்தாள்.