மாமன் வீட்டு அணி

வருஷத்தின் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டு மைதானம், மழையில் ஊறிய தரை, எதிரணியில் ஒவ்வொருவனும் குதிரை மாதிரி இருந்தான். ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறிய பையன்கள், விமான நிலையம் வருவதற்குள் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்கிப்போனார்கள். கோச் மட்டும் முன் இருக்கையில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். ஓடித் தோற்றவனுக்குத் தூக்கம் வந்துவிடும். ஓரத்தில் நின்று தோற்றவனுக்கு அது அவ்வளவு லேசில் வராது.

சின்ன நாட்டின் தேசியக் கால்பந்து அணி அது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை இருந்தது. கேப்டன் தீயணைப்பு வீரன். கோல்கீப்பர் ஏசி மெக்கானிக். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நாட்டுக்காக ஆட வருவார்கள். தோற்றுவிட்டுத் திரும்பிப் போய், லீவு கொடுத்த அதே அதிகாரியின் முகத்தில் விழிப்பார்கள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காமல் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

முன்களத்தின் நடுவில் ஆடுபவன் கோச்சின் அக்கா மகன். இளைஞர் அணியில் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் ‘அம்பு’ என்று எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிட்டாள். ஆனால் அம்பு கோல் அடித்து இப்போது யுகமாகிவிட்டது. அதே பத்திரிகைக்காரர் ‘முனை மழுங்கிய அம்பு’ என்று எழுதினார். காசு கொடுத்து மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அவர்கள் மொத்த அணிக்கே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: மாமன் வீட்டு அணி.

அடுத்து சொந்த மைதானத்தில் தகுதிச்சுற்று ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரணி கோல்கீப்பர் பந்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்து கிடந்தார். கோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பந்து உருண்டு அம்புவின் காலடிக்கே வந்தது. தொட்டால் போதும். அவன் தொடவில்லை, ஓங்கி உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, விளக்குக்கு மேலே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கே போய்விட்டது. பிறகு மேல்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மாமா! மருமகனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு!”

மைதானமே சிரித்தது. போலீஸ்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கோச் கைகளைக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நின்றார். கடைசியில் ஒரு கார்னரில் கோல் வாங்கி அதையும் தோற்றார்கள்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள்.

“ரொம்பக் கேவலமா கத்தினாங்களாமே?”

“கத்துறவங்க கத்தத்தான் செய்வாங்க அக்கா. விடு.”

“நீ அவனைத் திட்டினியா?”

“இல்ல.”

“திட்டாதேடா. சரியா சாப்பிடவே மாட்டேங்கறான். தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கான்.”

அவ்வளவுதான் அவள் பேசுவது. ‘என் பையனை அணியில் வை’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் அவர் என்றைக்கோ மறுத்திருப்பார். கேட்காத ஒருத்தியிடம் எப்படி மறுப்பது?

அம்மா செத்துப்போனபோது கோச் பால்பல் விழாத பிள்ளை. அக்காதான் தூக்கி வளர்த்தாள். தம்பியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இரண்டு மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பினாள். பிறகு கட்டிக்கொண்டவனும் நிலைக்கவில்லை. மகன் நடை பழகும் முன்பே கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராக உயர்ந்தாள். ஆட்டம் நடக்கும் நாளில் அவள் டி.வி. பார்க்கமாட்டாள். கழுவிய பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டில் எழும் சத்தத்தை வைத்தே கோல் யாருக்கு என்று தெரிந்துகொள்வாள்.

“உங்க அக்கா எதையும் கேக்கல. நீங்களாத்தான் அள்ளி அள்ளிக் குடுத்துக்கிட்டிருக்கீங்க,” என்றாள் கோச்சின் மனைவி, சட்டைக் காலரைத் தேய்த்தபடி.

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன? ஊரு வாயில விழுறது நீங்க மட்டுமில்ல, அந்தப் பையனும்தான்.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குக் குளியலறைதான் கதி.

வெயில் காலத்தில் இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்து, அதுவும் உலகத்தின் இரண்டு மூலைகளில். மூன்று விமானம் மாறினார்கள். விமான நிலையத் தரையில் பைகளைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். எந்த ஊர், என்ன கிழமை என்பதெல்லாம் குழம்பிப்போயிற்று. ஓட்டல் அறையின் சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் கைக்கு எட்டியது. ஒன்றில் தோற்றார்கள். ஒன்றில் கோலே இல்லாமல் சமம். அதில் அம்பு அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லாவிட்டாலும் கம்பமாவது கிடைத்ததே என்று யாரோ கேலி செய்ய, பையன்கள் சிரித்தார்கள். அம்புவும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கோச்சுக்கு என்னவோ போலிருந்தது.

திரும்பும் நாள் காலையில் லிஃப்ட் பக்கம் கேப்டன் அவருக்காகக் காத்திருந்தான்.

“கோச், ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லு.”

“பசங்க பேசிக்கிறாங்க.”

“என்னன்னு?”

கேப்டன் தன் காலணியைப் பார்த்தான். எரியும் கட்டடத்துக்குள் போகிறவன், இந்த ஒரு வாக்கியத்துக்கு அப்படித் தயங்கினான். “அம்பு நல்ல பையன். அவன்மேல யாருக்கும் கோபம் இல்ல. ஆனா பந்து அவன்கிட்ட போனா திரும்பாதுன்னு தெரிஞ்சு, இப்பல்லாம் யாரும் அவனுக்குப் பந்தே குடுக்கறதில்ல. நீங்க கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தார். கவனிக்காமல் இருக்க அவர் குருடர் இல்லை. “நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார். ஏறிய பிறகுதான் அது மேலே போகிற லிஃப்ட் என்று தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது சொந்த மண்ணில் மூன்று கோலில் தோற்றார்கள். இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்தபோது, பழைய கூச்சலே தேவலை என்று கோச்சுக்குப் பட்டது. மறுநாள் கால்பந்துச் சங்கச் செயலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, அது ஆறும்வரை ஊர்க்கதை பேசிவிட்டுச் சொன்னார்:

“சார், உங்களுக்கு மாற்று ஆள் எங்ககிட்ட இல்ல. இருந்தா இப்படி உக்காந்து பேசியிருக்கமாட்டேன். அந்தப் பையனை மட்டும் நிறுத்துங்க. உங்க பேரையாவது காப்பாத்திக்குங்க.”

“நீங்க சொல்லி நிறுத்தினா அது என் பேரைக் காப்பாத்துமா சார்?”

“அப்ப நீங்களாவே நிறுத்திட்டதா இருக்கட்டும்.”

வெளியே வந்து படியிறங்கும்போது அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே போன வருஷமே செய்திருக்க வேண்டிய வேலை அது. இனிமேல் செய்தால் சொன்னதைக் கேட்டுச் செய்ததாகத்தான் ஆகும். செய்யாமல் விட்டாலும் சரியில்லை.

வருஷத்தின் கடைசி ஆட்டத்துக்கான முகாம் ஒரு பள்ளி விடுதியில் நடந்தது. மத்தியானப் பயிற்சிக்குப் பிறகு அவர் அம்புவின் அறைக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது. குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் மாமாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

“உடம்புக்கு என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா. எப்பவும் வர்றதுதான்.”

“எப்பவும்னா?”

“ஆட்டம் நெருங்கினா வரும். அம்மாவுக்குத் தெரியாது.”

கோச் கட்டில் முனையில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. “இந்த ஆட்டத்துக்கு உன்னை எடுக்கல,” என்றார் பொட்டென்று.

அம்பு சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்தான். கோச் அவன் முகத்தைப் பார்த்தார். அழப்போகிறான் என்று நினைத்தார். அழுகை இல்லை. சுமைதூக்கி மூட்டையை இறக்கி வைத்ததும் ஒரு மூச்சு விடுவானே, அந்த மூச்சை விட்டான்.

“நிஜமாவா மாமா?”

“நிஜமாத்தான்.”

“அப்பாடா.”

அந்த ஒரு சொல் கோச்சைச் சுருக்கென்று குத்தியது. “என்னடா அப்பாடா?”

“எனக்கு முடியல மாமா. ரெண்டு வருஷமா முடியல. பந்து வந்தாலே கை காலெல்லாம் சில்லிட்டுப் போகுது. வராம இருந்தா தேவலைன்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன்.”

“அப்ப ஏன்டா ஆடினே?”

“நான் விட்டுட்டா உங்களுக்குத்தானே அவமானம்? இத்தனை பேர் ஏசியும் என்னை விடாம வச்சிருந்தீங்க. அப்புறம் நானே ஓடிப்போனா, ஊரு உங்களைப் பாத்து என்ன சொல்லும்?”

கோச்சுக்கு ரத்தம் தலைக்கேறியது. “முட்டாள்! உனக்காகத்தான்டா நான் அத்தனை பேச்சையும் வாங்கினேன்! இதை வருஷ ஆரம்பத்துலயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!”

“நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?” என்றான் அம்பு. குரல் உயரவில்லை. “இந்த மூலைக்கு ஓடு, அந்த மூலைக்கு ஓடுன்னு சொன்னீங்க. உனக்கு எப்படிடா இருக்குன்னு கேக்கவே இல்லையே.”

தாழ்வாரத்தில் பையன்கள் பேசிக்கொண்டே போனார்கள். கோச்சின் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோயிற்று. அதைப் பிடித்துவைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

“அம்மாகிட்ட யார் சொல்றது?” என்று கேட்டான் அம்பு.

“நான் சொல்றேன்.”

ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதி அடித்தளத்தில் இருந்தது. பெரிய இயந்திரங்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. சூடான துணி வாசனை. அக்கா ஒரு நீள மேசை முன் நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் தம்பி வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“எடுக்கலையா?”

“இல்லக்கா.”

“உன் முடிவா, அவன் முடிவா?”

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டு வந்தார். அவனே வேண்டாம் என்றான் என்று சொல்லிவிட்டால் பழி தீர்ந்தது. ஆனால் பெற்றவளிடம் இத்தனை நாள் வாந்தியை மறைத்த பையனை, அவன் இல்லாத இடத்தில் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“என் முடிவுதான்.”

அக்கா தலையாட்டினாள். ஒரு விரிப்பை எடுத்து அதன் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். “சும்மா நிக்காம பிடி.”

இருவரும் எதிரெதிரே நின்று விரித்து, உதறி, மடித்தார்கள். நாலைந்து விரிப்பு ஆனபிறகு அவள் பேசினாள்.

“ஊரே ஏசும்போதெல்லாம், என் தம்பிக்குத் தெரியும், காரணமில்லாம வச்சிருக்கமாட்டான்னு நினைச்சுக்குவேன். இப்ப நீயும் ஊரோட சேர்ந்துட்டே.”

“அக்கா...”

“வேலை இருக்கு. போ.”

கடைசி ஆட்டத்தில் அம்புவின் இடத்தில் ஒரு வங்கி குமாஸ்தா ஆடினான். புது ரத்தம், அதிசயம் நடக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கோல் வாங்கி, ஒன்று போட்டு, வழக்கம்போலத் தோற்றார்கள். போட்ட அந்த ஒரு கோலும் கேப்டனின் முதுகில் பட்டு உள்ளே போனது. கட்டிப்பிடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று பையன்களுக்கே தெரியவில்லை. ஒரு வருஷம் முழுக்க ஓடியும் ஒரு வெற்றி இல்லை. கோச் ஊர் திரும்பி, பையைப் பிரிக்காமல் கூடத்திலேயே போட்டுவிட்டு, சில நாள் சும்மா கிடந்தார்.

அக்கா பேசவில்லை. இவர் போன் செய்தால் எடுக்கவில்லை. “கோபம் தணியட்டும்,” என்றாள் மனைவி. “தணியாட்டி?” என்றார் அவர். “தணியாட்டியும் நீங்கதான் தம்பி. வேற ஆளா வாங்க முடியும்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தானாகவே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏன்டா, எனக்குப் பொய் சொல்ற அளவுக்கு நீ பெரிய மனுஷன் ஆயிட்டியா?”

கோச் எழுந்து நின்றார்.

“நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டான். வாந்தியெடுத்தது, தூங்காதது எல்லாத்தையும். அவன் மறைச்சான், நீ மறைச்சே. நடுவுல நான் ஒரு மடச்சி, கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு... நான் அவனை ஆடச் சொன்னேனா? உன்னை எடுக்கச் சொன்னேனா? என்னைக் காரணம் காட்டி ரெண்டு பேரும் இப்படி நொந்து சாகணுமா?”

“தப்புதான் அக்கா.”

“ஒரு வருஷமாடா! ஒரு வருஷமா அவனும் தூங்கல, நீயும் தூங்கல, நானும் தூங்கல.” திட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். “பார்சல் வண்டி ஓட்டப் போறானாம். நல்லா சாப்பிடறான் இப்ப. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடறான்...” அதற்கு மேலும் திட்ட நிறைய இருந்தது. ஆனால் குரல் கம்மிக்கொண்டே வந்தது. கோச்சின் மனைவி டீ கொண்டுவந்தபோது அக்காவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

மனைவி ஓசைப்படாமல் ஒரு தலையணையை அவள் கழுத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. சங்கச் செயலாளர். அடுத்த வருஷத்து ஆட்டங்களைப் பற்றிப் பேசத்தான் இருக்கும். கோச் அதை எடுத்து, சத்தம் வராமல் அமுக்கி, கவிழ்த்து வைத்தார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். எதிர் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தார். அக்காவின் குறட்டை மெல்லக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணயர்ந்தார்.