ஒட்டாத அணுக்கள்

என் நாத்தனாருக்கு நான் வெச்ச பேர் பூதக்கண்ணாடி. எங்க ஆய்வகத்துல எலக்ட்ரான் நுண்ணோக்கி அவ பொறுப்பு. நான் பொடி தயாரிக்கிறவ. வண்டிப் புகையில இருக்கற விஷவாயுவை முறிக்கற பொடி. அதுமேல பிளாட்டினம் அணு ஒவ்வொண்ணும் தனிக்குடித்தனமா உட்காரணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிட்டா உள்ளே மாட்டின அணுவெல்லாம் வீண்.

அன்னைக்கு மதியம் ஆய்வகத் தலைவர் முடிவு சொல்றதா இருந்தார். அணுக்கள் பிரிஞ்சிருந்தா வேலை தொடரும். இல்லேன்னா இந்த ஆராய்ச்சியையே மூடிடுவாங்க, நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில பூதக்கண்ணாடி என் பொடியை எடுத்த படத்தைக் காட்டினா. கட்டி கட்டியா பிளாட்டினம். பொடியைச் சுடும்போது சூடு அதிகமாக்கிட்டேனோன்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஆறுதல் சொல்ல வந்தவ மேலயும் எரிஞ்சு விழுந்தேன்.

மனசு கேக்கல. அதே பொடிமேல கார்பன் மோனாக்சைடை விட்டு, அகச்சிவப்பு ஒளியில அளந்தேன். அணுக்கள் ஒட்டியிருந்தா அந்த வாயு ரெண்டு அணுமேலயும் கால் வெச்சு உட்காரும், வரைபடத்துல அதுக்குன்னு ஒரு மேடு வரும். வரவே இல்ல. தனி அணுவுக்கான மேடு மட்டும் நிமிர்ந்து நின்னுச்சு.

அப்போ பொடியில கட்டியே இல்ல, படம் எடுத்ததுலதான் ஏதோ கோளாறு! பூதக்கண்ணாடிகிட்ட ஓடினேன். நீ ஒரே இடத்தை எவ்வளவு நேரம் பார்த்தேன்னு அவளைக் கேட்டேன். படம் அழகா வரணும்னு நுண்ணோக்கியோட எலக்ட்ரான் கதிரை அங்கேயே நிறுத்தி, திருத்தித் திருத்தி எடுத்தாளாம். சொல்லும்போதே அவ முகம் வெளுத்துப்போச்சு. கதிரோட அடி தாங்காம அணுக்கள் நகர்ந்து ஒண்ணுகூடியிருக்கு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

இந்தத் தடவை கதிரைக் குறைச்சு, தொடாத இடமா பார்த்து, சட்டுனு ஒரே படம். மங்கல்தான். ஆனா புள்ளி புள்ளியா, தனித்தனியா. வேற இடங்கள்லயும் அப்படியே. அப்பாடா! அந்த இருட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மதியம் தலைவர் முன்னாடி, அந்தக் கட்டிப் படம் வேண்டாம்னு அவளுக்கு ஜாடை காட்டினேன். அவ கேக்கல. ரெண்டையும் திரையில போட்டா. ஆபீஸ்ல என்னை மேடம்னு மட்டும் கூப்பிடறவ, தலைவரைப் பார்த்துச் சொன்னா:

"அண்ணி பொடியில குத்தமில்லை சார். இந்தக் கட்டி, நான் ரொம்ப நேரம் பார்த்ததால வந்தது."

தலைவர் நம்பல. அவரையே கூட்டிப்போய்க் காட்டினா. கதிரை நிறுத்தி வெச்சதும் அவர் கண்ணெதிரே புள்ளிகள் நகர்ந்து சேர ஆரம்பிச்சுது. வேலை தொடரட்டும்னுட்டுப் போனார்.

அப்பதான் எனக்குப் பசி கண்ணைக் கட்டுச்சு. பூதக்கண்ணாடி தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினா. காலையில கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்க வாயைத் திறந்தேன். வாய் நிறைய சாப்பாடு.

"மென்னுட்டு கேளுங்க அண்ணி"ன்னா.