அப்பாவின் முறை

டெலிபோன் வயர் படுக்கையறைவரை எட்டாததால், கட்டிலையே கூடத்துக்கு இழுத்தார்கள். தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் மகள். நாற்பது வருடம் தச்சு வேலை செய்த அப்பா, போர்வைக்குள் ஒரு கைப்பிடி அளவாய்ச் சுருங்கிக் கிடந்தார்.

"தூக்க நாலு பேர் வேணும்டி. ரெண்டு பேர் எப்படிப் பத்தும்?" என்றார் அப்பா.

"இந்த வாய் மட்டும் இல்லேன்னா..." அம்மா போர்வையை இழுத்துவிட்டாள்.

காலையில் வந்த டாக்டர் மகளை வாசல்வரை கூட்டிப்போய், "இன்னிக்குத் தாண்டாதும்மா" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குப் போர்முனையிலிருந்து அண்ணன் கூப்பிடுவான். அதுவரை அப்பா தாங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அண்ணனின் குரல் வயர்லெஸ்ஸில் வந்து டெலிபோனில் சேரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசி முடித்து "ஓவர்" என்றால்தான் நடுவிலிருக்கும் ஆபரேட்டர் சுவிட்சை மாற்றிப் போடுவான். மூன்றே நிமிடம்; பிறகு தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டிவிடுவான். அவன் போன பதினான்கு மாதத்தில் வீட்டுக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. "காபியில சக்கரை இல்ல, ஓவர்" என்பார் அப்பா. "நீங்க பேசுறதே ஓவர்தான்" என்பாள் அம்மா.

மணி அடித்தது.

"அப்பா, எப்படி இருக்கீங்க? ஓவர்." அவனுக்குப் பின்னால், வீட்டுக்குப் பேச வரிசையில் நிற்கும் மற்ற சிப்பாய்களின் வழக்கமான இரைச்சல். "சீக்கிரம்டா மாப்ளே!" என்று ஒரு குரல்.

அவள் ரிசீவரை அப்பாவின் வாயருகே பிடித்தாள்.

"நல்லா இருக்கேன்டா. நம்ம பின்கதவு இருக்குல்ல, மழைக்கு உப்பிக்கிட்டு சாத்தாம அடம்பிடிக்குமே... அதை இழைச்சு..."

அதற்குமேல் சொல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

ஓவர் சொல்லவில்லை. அப்படியென்றால் இன்னும் அப்பாவின் முறைதான். அண்ணன் அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் இங்கே கேட்காது. ஆனால் இங்கே விடும் ஒவ்வொரு மூச்சும் அங்கே ஸ்பீக்கரில் வரிசை முழுக்கக் கேட்கும். அவள் கையை எடுக்கவில்லை.

மூன்று நிமிடம் ஆனது. இப்போது வெட்டிவிடுவான் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வெட்டவில்லை. ஐந்து நிமிடம். எட்டு. முகம் தெரியாத யாரோ ஒருவன் சுவிட்சின்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தான். ஒரு மெழுகுவத்தியைக்கூட அணைக்க முடியாத மூச்சு, மலையையும் கடலையும் கடந்து, யாரும் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

பதினோராவது நிமிடத்தில் வெளியே போன மூச்சு திரும்பி வரவில்லை. அம்மா அவர் இமைகளை விரலால் மூடினாள். சற்றுநேரம் அந்த விரல் அங்கேயே இருந்தது.

"சொல்லுடி. பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்."

மகள் ரிசீவரைத் தன் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

"இழைச்சாச்சுண்ணா. கதவு இப்போ நல்லா சாத்துது."

பிறகு அப்பா சொல்லாமல் விட்ட சொல்லையும் சொன்னாள்.

சுவிட்ச் மாறிய ஓசை கேட்டது. அண்ணன் பேசவில்லை. வரிசையில் ஒருவர்கூட இருமவில்லை. அத்தனை பேரும் வாய் மூடிய பிறகு, அந்த இடத்தின் சத்தம் முதன்முறையாக அவள் காதில் விழுந்தது.

"என்னடி சொல்றான்?"

அவள் ரிசீவரை அம்மாவின் காதில் வைத்தாள். அம்மா தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள்.

"அங்கே காத்தடிக்குதுடி" என்றாள்.