ஞாயிற்றுக்கிழமை மண்

ஏவர்ட்டின் நிலத்துக்கு ஊரில் ஞாயிற்றுக்கிழமை மண் என்று பெயர். சனிக்கிழமை இறங்கினால் முழங்கால் வரை விழுங்கும். திங்கட்கிழமை இறங்கினால் கலப்பையின் கொழு தெறிக்கும். உழவுக்குப் பதமாக இருப்பது நடுவில் அந்த ஒரே நாள். அது கர்த்தருடைய நாள் என்பதால் டிராக்டரைத் தொடக்கூடாது. ஏவர்ட்டின் அப்பா தொட்டதில்லை, தாத்தாவும் தொட்டதில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் தேவாலயப் பெஞ்சில் உட்கார்ந்து, பெப்பர்மின்ட் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தன் மண் பதமாக இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவந்தது. பிரசங்கம் முடிவதற்குள் பதம் போய்விடும்.

பக்கத்தில் ஓடும் வால் என்கிற ஆறு கரை புரண்ட காலத்தில் மணலையும் நல்ல வண்டலையும் கரையோரத்திலேயே இறக்கிவிட்டு, மிஞ்சிய மாவு போன்ற களியை உள்ளே பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. சொத்துப் பிரித்தபோது அப்பாவும் ஆற்றின் வழியையே பின்பற்றினார். மூத்தவள் அலைடாவுக்குக் கரையோர மேடும் செர்ரித் தோப்பும். ஏவர்ட்டுக்குப் பள்ளம். ஒரு முழம் தோண்டினால் துருப் புள்ளி விழுந்த சாம்பல் களி, இன்னொரு முழம் தோண்டினால் நீலக் களி, அழுகிய முட்டை வாடை. மேலே விழுந்த மழை கீழே இறங்காது, கீழே இருக்கிற நீர் மேலே வராது. கோடையில் வெடிக்கும். அந்த வெடிப்பில் கால் விட்டு அவனுடைய கன்றுக்குட்டிகள் இரண்டு கசாப்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

அலைடாவுக்குப் பிள்ளை இல்லை. மேடு தனக்குத்தான் வரும் என்று ஏவர்ட் முப்பது வருஷமாக அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டான். அவன் செய்த பயிர்களில் பொய்க்காமல் வளர்ந்தது அந்த மரியாதை ஒன்றுதான்.

இந்த நவம்பரில் அம்மா ஹென்ட்ரினாவின் கல்லறைக் கெடு முடிந்தது. அந்த ஊரில் கல்லறை என்பது வாடகை வீடு மாதிரி. இருபது வருஷம் படுத்திருக்கலாம். பிறகு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் கெடுவை நீட்டிக்கலாம். ஒருவர் போடாவிட்டாலும் வெட்டியான் எலும்பைப் பொறுக்கிப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டு அடுத்த ஆளைக் குடிவைப்பான். ஏவர்ட் கடிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டான். அலைடா போடவில்லை.

"தோண்டட்டும்" என்றாள், காப்பி ஊற்றிக்கொண்டே. பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு உடனே மூடினாள்.

"பாவம்க்கா, அம்மா. தூங்கிக்கிட்டிருக்கிறவளைப் போயி..."

"எந்திரிச்சு வந்து படுக்கத் திண்ணையா கேக்கப்போறா? இருபது வருஷமா இந்தக் கெடுவுக்குத்தான்டா நாள் எண்ணிக்கிட்டிருக்கேன். என் பவளத்தை மாட்டிக்கிட்டு உள்ள போனா இல்ல? வெளிய எடுக்கணும்."

பவளம் என்றால் ஐந்து சரம், பின்னால் தங்கப் பூட்டு. தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகிற நகை. அம்மா இறந்த வாரம் அலைடா குடல்வால் அறுவை முடிந்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. 'இதை யாருக்கும் குடுக்காதே, என் கழுத்தோடயே வை' என்று அம்மா கடைசியாகச் சொன்னதாக ஏவர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். அலைடா நம்பினாள். அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான் என்பது அந்தப் பொய்க்கு இருந்த பெரிய பலம்.

அன்றிலிருந்து அலைடா அந்தக் கல்லறையில் ஒரு பூ வைத்ததில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, "ஏ கஞ்சப் பொணமே, நல்லாருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் மேலே மிதிப்பாள். இருபது வருஷத்தில் பனிக்கட்டி கொட்டிய ஒரு வாரம் மட்டும் தவறியது. அடுத்த வாரம் இரண்டு தடவை சொன்னாள்.

"இங்க பாரு, ஏவர்ட்" என்றாள் இப்போது. "பவளம் என் கைக்கு வரட்டும். மறுநாளே மேட்டை உன் பேருக்கு எழுதிடறேன். செத்தப்புறம் இல்ல, உயிரோட. வரலைன்னா, அது எங்க போச்சுன்னு எனக்கு நீ ஒரு கதை சொல்லணும். நல்ல கதையா யோசிச்சு வை."

ஏவர்ட் பிஸ்கட்டை மெல்லாமலேயே விழுங்கினான்.

பவளம் அவன் வீட்டில், மனைவி ஹன்னாவின் குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில் இருந்தது. வருஷத்தில் ஒரு வாரம், ஜெர்மனியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது மட்டும் ஹன்னா அதை அணிவாள். அங்கே இவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சென்ற வசந்தத்தில் சரம் அறுந்து, புது நூலில் கோத்து வாங்கியிருந்தாள்.

"குடுத்துட்டா அடுத்த வருஷம் நான் மொட்டைக் கழுத்தோட போகணுமா?" என்றாள் ஹன்னா.

"மேட்டு நெலம் வருதுடி. செர்ரியைக் கோத்துப் போட்டுக்க."

"அதை எப்படி அவ கையில சேர்ப்பே? தபால்லயா?"

திட்டம் எளிமையானது. கல்லறைத் தோட்டத்தில் அம்மா படுத்திருக்கிற புதுப் பகுதியை மணல் கொட்டி உயர்த்தியதே ஏவர்ட்தான். அப்போது அவன் சபையின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தான். ஆற்று மணல், ஆறடி ஆழத்துக்கு. மணலில் காற்று போகும், நீர் வடியும். இருபது வருஷத்தில் பெட்டியும் இருக்காது, ஆளும் இருக்காது, நாலைந்து எலும்பு இருக்கும். அந்தக் குழியில் யாரும் பார்க்காதபோது பவளத்தை நழுவவிட்டால் போதும். மண்வெட்டி தானாகக் கண்டுபிடிக்கும். பளபளப்புப் போவதற்காகப் பவளத்தைத் தன் நிலத்துச் சேற்றில் மூன்று நாள் ஊறப் போட்டான். அந்த மண் அவனுக்கு உருப்படியாகச் செய்த முதல் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெட்டியான் ரோக்குஸ் சின்ன மண் வெட்டும் இயந்திரத்தோடு வந்தான். அலைடா மடக்கு நாற்காலியும் காப்பிக் குடுவையும் கொண்டுவந்திருந்தாள், ஏதோ கால்பந்து ஆட்டம் பார்க்க வந்தவள் மாதிரி. மழை தூறியது. ஏவர்ட் கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல் இரண்டு அடி மணல், பொன்னிறமாக. அதற்குக் கீழே இயந்திரத்தின் வாளி ஒருமாதிரி சப்பென்று முத்தமிட்டுக்கொண்டு மேலே வந்தது. வாளியில் இருந்தது நீலக் களி. கவிழ்த்தான், விழவில்லை. உலுக்கினான், விழவில்லை. இறங்கி மண்வெட்டியால் சுரண்டினான்.

"அண்ணே, மணல்னு சொன்னீங்க?"

தன் பசுவை மந்தையில் அடையாளம் காண்பது போல ஏவர்ட் தன் மண்ணை அடையாளம் கண்டான். அது அவன் பள்ளத்தில் வாய்க்கால் வெட்டியபோது வந்த மண். கொட்ட இடமில்லாமல் இங்கே கொட்டி, மேலே இரண்டடி மணலைத் தூவி, மிச்ச மணலைத் தன் மாட்டுக்கொட்டகைப் பாதையில் போட்டுக்கொண்டான். பிறகு சபைக் கூட்டத்தில் ஆறடி மணல் என்று சொன்னான். அடுத்த வருஷமும் சொன்னான். கணக்குக் கேட்டவர்களிடம் கோபமாகவும் சொன்னான். இத்தனை தடவை சொன்னதில் கேட்டவர்கள் நம்பினார்களோ இல்லையோ, அவன் நம்பிவிட்டான்.

"பழைய வெள்ளம் கொண்டுவந்ததா இருக்கும்" என்றான்.

"ஆமாண்ணே. வெள்ளம் மணலுக்கு அடியில பூந்து, களியை வச்சிட்டு, மேல மணலை ஒழுங்குபடுத்திட்டுப் போயிருக்கு. பொறுப்பான வெள்ளம்."

அலைடா காப்பியை ஊதிக் குடித்தாள்.

ஐந்தடியில் வாளி எதிலோ உரசியது. ரோக்குஸ் இயந்திரத்தை நிறுத்தினான். ஆனால் மணலுக்கும் களிக்கும் நடுவே இலையுதிர்கால மழை மொத்தமும் இறங்க வழியில்லாமல் தேங்கிக் கிடந்தது. வழி கிடைத்ததும் நாலு பக்கச் சுவரிலிருந்தும் ஒழுகிக் குழிக்குள் இறங்கியது. களிக்குழி என்பது கிட்டத்தட்ட ஒரு பானை. பத்து நிமிஷத்தில் இடுப்பளவு சாம்பல் நீர்.

"பம்ப் எடுத்தாறேன்" என்று ரோக்குஸ் கொட்டகைக்குப் போனான். அலைடா குடுவையை மூடுவதற்குக் குனிந்தாள்.

கலங்கிய நீர், குனிந்த தலை, நகர்ந்துபோன வெட்டியான். கர்த்தர் இவ்வளவு தெளிவாக உதவி செய்து ஏவர்ட் பார்த்ததில்லை. பவளத்தை விட்டான். ஒரு சின்னக் களுக். தவளைச் சத்தம் மாதிரி.

"என்ன அது?" என்றாள் அலைடா.

"தவளைக்கா."

"நவம்பர்லயா?"

பம்ப் இருமிக்கொண்டு இறைத்தது. நீர் இறங்க இறங்க, குழியின் அடியில் ஒரு பலகை தெரிந்தது. பிறகு அதன் பக்கத்துப் பலகை. பிறகு ஆறு பித்தளைத் திருகாணிகள், ஆறும் அதனதன் இடத்தில். சவப்பெட்டி முழுசாக இருந்தது. நேற்று ஆசாரி இறக்கிவைத்த மாதிரி. காற்றுப் புகாத களியில் மரம் அழுகாது என்பது ஏவர்ட்டுக்குத் தெரியாதது இல்லை. அவன் பள்ளத்திலிருந்து தாத்தா காலத்து வேலிக்கம்பத்தைப் பிடுங்கியபோது அதில் பட்டை கூட உரியவில்லை. தெரிந்தவன் அவன், மணல் என்று நம்பியவனும் அவன்தான்.

மூடப்பட்ட, திருகாணி முடுக்கப்பட்ட மூடிக்கு மேலே, சரியாக நடுவில், ஐந்து சரப் பவளம் கிடந்தது. மூன்று நாள் பூசிய சேற்றை நீர் கழுவிவிட்டிருந்தது. புது நூல் வெள்ளையாக இருந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ரோக்குஸ் தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று தெரியாமல்.

"ஏன் ரோக்குஸ்" என்றாள் அலைடா, "எங்கம்மா வெளிய வந்து, கழட்டி வச்சிட்டு, உள்ள போயி, வெளிப்பக்கத்துத் திருகாணியை உள்ளேருந்தே முடுக்கிட்டாளோ?"

"சாமர்த்தியசாலிதான்க்கா உங்கம்மா."

"அக்கா, நான் சொல்றதை..." என்று ஏவர்ட் ஆரம்பித்தான்.

"கதை சொல்லுவே. இரு. மூடியைத் தொற, ரோக்குஸ்."

அம்மா அங்கேயே இருந்தாள். சதை சோப்புக் கட்டி போல வெளுத்து இறுகியிருந்தது, அவ்வளவுதான். அதே மூக்கு, அதே இறுகிய வாய், எதிராளி பேசி முடிக்கக் காத்திருக்கிற அதே முகம். கழுத்து வெறுமையாக இருந்தது.

அலைடா நாற்காலியிலிருந்து எழுந்து குழியின் விளிம்புக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆயிரம் சனிக்கிழமை திட்டியிருக்கேன்" என்றாள். "செத்தவளுக்கு எங்க கேக்கப்போகுது, மண்ணாப் போயிருப்பான்னு நெனச்சுத்தான் திட்டினேன். காதும் மூக்குமா முழுசா இங்கயே படுத்திருந்திருக்கா." பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை. "மண்ணு உன்னோடதுதானே?"

ஏவர்ட் தன் கால்களைப் பார்த்தான். இரண்டும் தோண்டிப்போட்ட களியில் கணுக்கால் வரை புதைந்திருந்தன. இழுத்தால் கால் வரும், மரச்செருப்பு வராது.

பவளத்தை ரோக்குஸ் எடுத்துக் கொடுத்தான். அலைடா அதை அங்கேயே மாட்டிக்கொண்டு, மூடியைத் திரும்பத் திருகச் சொன்னாள்.

சொன்ன சொல்லை அவள் மீறவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டாள். மேட்டை மறுநாளே எழுதினாள், சபையின் பேருக்கு. பள்ளத்து மண்ணில் ஊர்ப் பிணங்கள் எதுவும் கரையவில்லை என்று தெரிந்தபிறகு, நீர் வடிகிற இடத்தில் புதுக் கல்லறைத் தோட்டம் வேண்டியிருந்தது. செர்ரி மரங்களை வெட்டினார்கள். பழைய தோட்டத்தை மூடினார்கள், ஒரே ஒரு விதிவிலக்கோடு. அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அலைடா தம்பி பேரில் நிரந்தரமாகப் பதிவுசெய்தாள். கெடு இல்லாத பதிவு. ஊரே கரைந்து மண்ணாகும்போது அவன் மட்டும் மூக்கும் முழியுமாக அம்மாவின் பக்கத்தில் கிடப்பான். அதை அவளுடைய பெருந்தன்மை என்று போதகர் ஆராதனையில் அறிவித்தார். நன்கொடைக்கு அவள் வைத்த ஒரே நிபந்தனை அது என்பதைச் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முன்பெஞ்சில் அலைடாவின் பின்கழுத்தில் தங்கப் பூட்டு மின்னியது. ஹன்னா அதைப் பார்க்காமல் சங்கீதப் புத்தகத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏவர்ட்டின் நிலம் கருத்து, உதிரி உதிரியாக, உழுதுவிடு என்று கெஞ்சுகிற பதத்தில் கிடந்தது.

வெளியே வந்தபோது ரோக்குஸ் ஏவர்ட்டின் பக்கத்தில் வந்து நின்றான். உச்சி முதல் உள்ளங்கால் வரை அவனை ஒரு பார்வை பார்த்தான், துணி அளக்கிற தையல்காரன் மாதிரி.

"அண்ணே, ஒரு விஷயம். குளிர்காலத்துல போனீங்கன்னா குழி நெறைய தண்ணி நிக்கும், மெதக்க விட்டுத்தான் எறக்கணும். கோடையில போனீங்கன்னா கல்லு, வெடி வச்சாத்தான் ஒடையும்."

"அப்ப எப்பத்தான்டா போறது?"

ரோக்குஸ் ஏவர்ட்டின் நிலத்தைப் பார்த்தான், தேவாலய மணிக்கூண்டைப் பார்த்தான், வருத்தமாகத் தலையாட்டினான்.

"இன்னைக்கு மாதிரி ஒரு நாளு சரியா இருக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை நான் தோண்ட மாட்டேனே."