முதல்லேர்ந்து சொல்லுங்க

பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் சீட்டு வேண்டுமென்றால் அப்பன் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் தாமோதரனுக்கு அந்தச் சங்கதி தெரிந்தபோது பள்ளி இன்டர்வியூவுக்கு மூன்று மாதம் இருந்தது. மகள் ஓவியாவை அந்தப் பள்ளியில் சேர்த்தே தீருவது என்று மனைவி மஹாலட்சுமியிடம் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து மாடியில் இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்குப் போகத் தொடங்கினான்.

அங்கே ஜெயகிருஷ்ணன் சார் ரொம்பக் கறார். நேற்று நடந்ததற்கு ஒரு வினை, இன்று நடப்பதற்கு ஒரு வினை, ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று பலகை நிறைய விதிகளை எழுதிப் போடுவார். ஒரு சொல் பிசகினாலும் போச்சு, "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். தாமோதரன் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே முதலிலிருந்து சொன்னான். பஸ்ஸில் சொன்னான், குளிக்கும்போது சொன்னான்.

"தூக்கத்துல கூட குட் மார்னிங் சொல்லிகினு கீற. பேஜாரா கீதுய்யா," என்றாள் மஹாலட்சுமி.

இன்டர்வியூ அன்று மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால் மேடம் என்னவோ நல்ல மனுஷிதான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று சிரித்தபடியே இங்கிலீஷில் கேட்டார். தாமோதரன் எழுந்து நின்றான்.

"குட் மார்னிங் மேடம். ஐ ஆம் தாமோதரன். ஐ..."

எந்த விதி? நாக்கு பிசகிவிட்டது. பிசகினால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குட் மார்னிங் சொன்னான். அதே இடத்தில் வண்டி நின்றது. மூன்றாவது குட் மார்னிங்குக்கு மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார், பரவாயில்ல."

பாவி மனுஷனுக்கு இப்போது தமிழும் வரவில்லை. வாய் தன்பாட்டுக்கு நான்காவது குட் மார்னிங்கைத் தொடங்கியது. மஹாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஓவியா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேடத்தைப் பார்த்து, யு.கே.ஜி.யில் பழகிய இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அடிக்காதீங்க மிஸ் என்று.

மூன்று மாதத்தில் முதல்முறையாக, ஒரு சொல் விடாமல் அவனுக்குப் புரிந்தது.