என் வீட்டுக்காரரின் ஆன்டிபாடி

என் வீட்டுக்காரருக்கு கொரோனா வந்தது உண்மையா பொய்யா என்று பல மாதமாக எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வக்கீலும் நானே, ஜட்ஜும் நானே. சாட்சிதான் இல்லை.

அப்பா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம், இவர் காய்ச்சல், வாசனை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தன் ஏசி ரிப்பேர் பட்டறையின் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டெஸ்ட் எடுக்கவில்லை. "அந்தக் க்யூல நின்னாலே வந்துரும்" என்றார். அப்பா போய்ச் சேர்ந்தார். நானும் அண்ணனும் மட்டும் நின்று காரியத்தை முடித்தோம். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளைக்கு நெஜமாவே வந்துச்சா? இல்ல, நம்ம அப்பா மூஞ்சியைக் கடைசியா ஒரு தடவை பாக்கக்கூடப் பிடிக்கலையா?" என்று கேட்டான். நான் சண்டைக்குப் போனேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே.

நோயில் கிடந்து திரும்பியவர் கன்னம் உப்பி வந்தார். வாசலில் கால் வைத்ததுமே, "என்ன, பால் தீயுது?" என்றார். வாசனை திரும்பிவிட்டதாம். திரும்பக்கூடாதா என்ன, திரும்பும்தான். அப்படித்தான் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

நான் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். தடுப்பூசி இன்னும் வராத நேரம். கொரோனா வந்துபோனவர் ரத்தத்தில் தங்கும் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடியைப் பார்க்கும் மெஷின் புதிதாக வந்து இறங்கியது. வேலை செய்பவர்களின் வீட்டாருக்கு இலவசம் என்றார்கள். அன்று சாயங்காலமே ஊசியும் டியூபுமாக வீட்டுக்கு வந்தேன்.

மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்து ஜம்மென்று நீட்டினார். டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது சாவகாசமாகச் சொன்னார்: "ஒண்ணு தெரியுமா? இந்த ஆன்டிபாடி எல்லாம் சிலருக்கு மூணு மாசத்துல கரைஞ்சு போயிடுமாம். போன்ல படிச்சேன்."

பத்திரிகைத் தலைப்பைக்கூடப் பாதிதான் படிக்கிற மனிதர். இதை மட்டும் தேடிப் படித்திருக்கிறார்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. ஒன்றுமே இல்லை. கையில் வைத்துக்கொண்டு லேப் டாக்டரம்மா முன்னால் நின்றேன்.

"இல்லன்னு வந்தா நோயே வரலன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார் அவர். "சிலருக்கு மாசக்கணக்கா நிக்கும். லேசா வந்துபோனவங்களுக்கு சீக்கிரமே குறைஞ்சு, மெஷின் கண்ணுக்கே தெரியாமப் போயிடும். இதை வச்சு ஒருத்தருக்கு வந்துச்சா இல்லையான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே. அவர் படித்ததும் சரிதானே! பாவம், அந்த மனிதரை நாளெல்லாம் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அண்ணனிடமும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சோபாவில் இருந்தவர் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "ஒண்ணும் இல்லன்னுதானே வந்திருக்கு? இதைப் படி. டாக்டரே எழுதியிருக்காரு."

ரிசல்ட்டை நான் இன்னும் சொல்லவே இல்லை. சொல்ல வந்தது ஒன்று. வேறொன்று வாயில் வந்தது.

"இல்லையே. நெறைய இருக்காம்."

'இன்னுமா இருக்கு?' என்று மட்டும் அவர் கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

போனைப் பிடித்த கை இறங்கியது.

"எனக்கா?" என்றார். "எனக்கு எப்ப வந்துச்சு?"