நனைந்த ஜாடி

ஜப்பானிலிருந்து வந்த அந்தப் பழைய மண்ஜாடிக்கு மேல்பூச்சு கிடையாது. விறகுச் சூளையில் வெந்தபோது படிந்த சாம்பல், உருகி வழிந்து அதன் தோளில் பச்சைத் திட்டாக இறுகியிருந்தது. இந்த வீட்டு வரவேற்பறையை அலங்கரித்து முடிப்பதுதான் பட்டம் வாங்கியபின் உள்ளலங்கார நிறுவனத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பத்து மணிக்குப் படம் எடுக்க வருவார்கள். தூசி துடைக்க அம்மாவையே கூட்டி வந்திருந்தாள்.

"சோப்பு போட்டு எவ்வளவு தேய்ச்சும் இந்த அழுக்கு மட்டும் போக மாட்டேங்குதுடி."

அம்மாவின் கையில் ஜாடி சொட்டிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம் தண்ணீரைக் குடித்துக் கருத்துப் போயிருந்தது. அவள் ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

"ஐயோ, அது அழுக்கில்லம்மா! அதுதான் இதோட அழகே!"

"இதுவா? உன் அழகுல இடி விழ!"

துணியால் ஒற்றினாள். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டாள். கருப்பு இம்மியும் குறையவில்லை. அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். நேராக ஜாடியிடம் போய்த் தொட்டுப் பார்த்தார்.

"யார் இதை நனைச்சது?"

வேலை போச்சு என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "துடைக்க வந்த ஆளு சார். என்கிட்ட கேட்காமலே செஞ்சிட்டாங்க."

"நல்ல காரியம் செஞ்சாங்க. நனைஞ்சாத்தான் இந்த மண்ணுக்கு நிறமே எழும்பும். நானே சொல்லணும்னு இருந்தேன்." அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அடுத்த வீட்டுக்கும் நீங்களே வாங்கம்மா."

"சரிங்க சார்," என்றாள் துடைக்க வந்த ஆள்.

இப்போது அவளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.